ஐநூற்று ஒன்றாவது யூனிட்

எங்கள் வீட்டு மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு மஞ்சப்பை. வீட்டு வரி ரசீது, கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு நகல் எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். அவற்றோடு ஈபி கார்டும். மடித்து மடித்து ஓரம் நைந்துபோன வெள்ளை அட்டை. ரீடிங் எடுக்க வருபவர் தேதி, மீட்டர் காட்டும் எண், ஓடிய யூனிட், தொகை என்று வரிசையாக எழுதி, ஓரத்தில் ஒரு சுருக்கொப்பம் போட்டுவிட்டுப் போவார். 2025 ஜூன் மாத வரிசையில் யூனிட் 507 என்றிருந்தது. தொகை 2,099.

அம்மா அட்டையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“ஏப்பா, போன தடவை ஆயிரத்து நூத்துச் சொச்சந்தான கட்டுனோம்? நூறு யூனிட்டுதான கூட ஓடிருக்கு. அதுக்கா தொள்ளாயிரம் ரூவா?”

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. இருபது வருடமாக இந்த அட்டையைப் பார்த்துப் பணம் கட்டிவருகிறேன். அதில் உள்ள கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. அன்று ராத்திரி லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கும் அக்கா பேசியபோது பில் பேச்சு வந்தது. “ஏன்டா தம்பி, வேற கம்பெனிக்கு மாத்திக்க முடியாதா? நாங்க இங்க அப்படித்தான் செய்யறோம்” என்றாள். அவளைப் பொறுத்தவரை கரண்ட் பில்லைக் குறைக்க அதுதான் வழி. தன் ஏரியாவின் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் எந்தக் கம்பெனி என்ன விலைக்குத் தருகிறது என்று வரிசை கட்டி வரும். குறைந்ததைப் பார்த்து மாறிக்கொள்ளலாம். கம்பி அதே கம்பி, மீட்டர் அதே மீட்டர், பில் அனுப்புகிறவர் மட்டும் வேறு.

பிரிட்டனில் வீடுகளுக்கு இந்த உரிமை முழுமையாக வந்தது 1999-இல். அதற்கு அவர்கள் பட்ட பாடும் உண்டு. 2021 கடைசியில் மொத்த விலை எகிறியபோது மலிவு விலை சொல்லி ஆள் பிடித்த இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் அடுத்தடுத்து மூடின. விலைக்கு உச்சவரம்பு வைக்கும் முறை 2019 ஜனவரியிலிருந்தே இருக்கிறது. அந்த வரம்பும் 14 பகுதிகளுக்கு வெவ்வேறு. ஒரு விளக்குகூடப் போடாமல் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வந்தாலும் நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று நிலைக்கட்டணம் ஏறிக்கொண்டேயிருக்கும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். மும்பை செம்பூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கே அந்தத் தேர்வு உண்டு. 2008 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை அடுத்து, மும்பைப் புறநகரில் வீடுகளுக்கு டாடா பவரும் மின்சாரம் விற்கலாம் என்றானது. அங்கே அப்போது இருந்தது ரிலையன்ஸ்; 2018-இல் அது அதானி கைக்குப் போனது. இரண்டில் எது மலிவு என்று பார்த்து மாறியவர்கள் லட்சக்கணக்கில் உண்டு.

எங்கள் ஊர் கன்னிவாடியில் கடை ஒன்றுதான். 1957 ஜூலை 1-ஆம் தேதி தமிழ்நாடு மின்சார வாரியமாகத் தொடங்கி, 2010 நவம்பரில் பிரிந்து, 2024-இல் மறுபடி பிரிந்து, இப்போது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர். நாம் இன்னும் ஈபி என்றுதான் சொல்கிறோம். விலையை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். சென்னை போட் கிளப் பங்களாவுக்கும் பழனி மலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் பேரூராட்சிக்கும் ஒரே விலைப்பட்டியல். ஆனாலும் ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீடுகள் ஒரு யூனிட்டுக்குக் கொடுக்கும் விலை மாறுகிறது. சில சமயம் பல மடங்கு மாறுகிறது. மலிவான கட்டணத்தைத் தேட வேண்டிய இடம் அந்த வெள்ளை அட்டைதான் என்று அக்காவிடம் பேசி முடித்தபின் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது.

யூனிட்டுக்கு 42 ரூபாய்

2016 மே 23-ஆம் தேதி ஜெயலலிதா பதவியேற்ற அன்று போட்ட கையெழுத்துகளில் ஒன்று, வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது. 2025-இலும் அது தொடர்ந்தது. 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியபோது வீடுகளுக்கான நிலைக்கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் 4.83 சதவீதம் ஏறியது. 2025 ஜூலையில் மற்றவர்களுக்கு 3.16 சதவீதம் ஏறினாலும் வீடுகள்மேல் அதைச் சுமத்தவில்லை. ஆகவே எங்கள் ஜூன் பில்லுக்குப் பொருந்துவது 2024 ஜூலைப் பட்டியல். அதைப் பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் ஓட்டினால்: முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட் 2 ரூபாய் 35 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு.

500-ஐத் தாண்டினால் பட்டியலே வேறு: முதல் 100 இலவசம், 101 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30, 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 801 முதல் 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55.

இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். 2 ரூபாய் 35 காசு என்ற வரி இரண்டாவது பட்டியலில் கிடையாது. நீங்கள் 500-க்குள் இருக்கும்வரை இரண்டாவது நூறு யூனிட் பாதி விலை. 501 ஆன உடனே, எப்போதோ ஓடி முடிந்த அந்த நூறு யூனிட்டுக்கும் முழு விலை விழுகிறது. சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,805 ரூபாய். 501 ஓடிய வீட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு.

எங்கள் 507-க்கு வந்தது 2,099. ஏழு யூனிட் குறைந்திருந்தால் 1,805. ஏழு யூனிட்டுக்கு 294 ரூபாய் கொடுத்திருக்கிறோம். யூனிட் 42 ரூபாய்! இந்தக் கணக்கை அம்மாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. மறுபடி ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.

கேரளத்திலும் இதுபோல ஒரு கோடு இருக்கிறது. மாதம் 250 யூனிட்டைத் தாண்டிவிட்டால் படிப்படியான விலை போய், ஓடிய மொத்த யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த விலை. அதிகம் செலவழிப்பவர் அதிகம் கொடுக்கட்டும் என்ற எண்ணத்தோடு எனக்குச் சண்டையில்லை. குளிர்சாதனம் மூன்று ஓடும் வீட்டையும் மின்விசிறி மூன்று ஓடும் வீட்டையும் ஒன்றாக வைக்கக் கூடாது. ஆனால் 507-க்கும் 500-க்கும் நடுவே இருப்பது ஒருநாள் விருந்தாளி. அந்த வீட்டுக்காரருக்குக் கோடு எங்கே இருக்கிறது என்பதாவது தெரிந்திருக்க வேண்டாமா? அந்த வெள்ளை அட்டையில் “500-ஐத் தாண்டினால் கட்டணப் பட்டியல் மாறும்” என்று ஒரு வரி அச்சிட்டால் போதும். காசு பெறாத வேலை. நாற்பது நாள் ஆனதும் மீட்டரைப் பார்க்கும் பழக்கம் ஊர் முழுக்க வந்துவிடும்.

மின் கட்டணத்தில் பைசாக் கணக்கை அற்பமாகப் பார்க்கும் மண் இது இல்லை. 1970 ஜூன் 19-ஆம் தேதி திருப்பூருக்குப் பக்கத்தில் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தில் விவசாயிகள் கேட்டது பம்புசெட் கரண்டுக்கு யூனிட்டுக்கு ஒரு பைசா குறைப்பு.

சித்திரையில் நட்டம் தந்த அடுப்பு

507 எப்படி வந்தது என்று தேடிப் பார்த்தோம். வீடு அதே வீடு. மின்விசிறி மூன்று, ஒரு ஃபிரிட்ஜ், டிவி, கிரைண்டர், மிக்ஸி, போர் மோட்டார். புதிதாக வந்தது ஒன்றே ஒன்று. 2025 ஏப்ரலில் சமையல் கேஸ் சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏறி, சென்னையில் 868 ரூபாய் 50 காசு ஆனது. அந்தக் கோபத்தில் நான் திண்டுக்கல் போய் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வந்தேன். வெந்நீர், பால், சாதம் எல்லாம் அதில்தான். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கிறது. இரண்டு மாதத்தில் 60 யூனிட். அது இல்லாவிட்டால் 447-இல் நின்றிருக்கும். பில் 1,471 ரூபாய் வந்திருக்கும். ஆக அந்த 60 யூனிட்டுக்கு நாங்கள் கொடுத்தது 628 ரூபாய்.

இதற்கு எதிரே கேஸை வைத்துப் பார்க்க வேண்டும். 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பத்தை யூனிட்டாக மாற்றினால் கிட்டத்தட்ட 180. கேஸ் அடுப்பில் அதில் ஐந்தில் மூன்று பங்குதான் பாத்திரத்துக்குப் போகும். மீதி அடுப்படியைச் சூடாக்கும். இண்டக்‌ஷனில் நூற்றுக்கு எண்பத்தைந்தாவது பாத்திரத்துக்குப் போய்விடும். இப்படிப் பார்த்தால் 60 யூனிட் கரண்டு செய்த சமையலை அரை சிலிண்டருக்குச் சற்றுக் குறைவான கேஸ் செய்திருக்கும். சென்னை விலையில் 410 ரூபாய்க்கு அடங்கும். மிச்சம் பிடிக்கப் போய் இருநூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம்.

இதே அடுப்பை மார்கழியில் ஓட்டினால் கணக்குத் தலைகீழ். பனிக்காலத்தில் எங்கள் வீட்டில் 300 யூனிட்டை ஒட்டித்தான் ஓடும். அதற்கு மேல் 60 யூனிட் கூடினாலும் யூனிட் 4 ரூபாய் 70 காசுதான். மொத்தம் 282 ரூபாய். கேஸைவிட 130 ரூபாய் லாபம். ஓர் அடுப்பு நல்லதா கெட்டதா என்பதற்கு நேரடியான பதில் கிடையாது. உங்கள் பில்லில் கடைசி யூனிட் எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மின்சாதனக் கடையில் இதை யாரும் சொல்வதில்லை. சராசரி விலையைச் சொல்வார்கள். நாம் புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு யூனிட்டும் சராசரி விலையில் ஏறுவதில்லை, உச்சிப் படியின் விலையில் ஏறுகிறது.

எங்கள் இண்டக்‌ஷன் அடுப்பு இப்போது கோடையில் பரணுக்குப் போய்விடும்.

ஒரே கரண்டு, இரண்டு விலை

ரீடிங் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதத்தில் எடுப்பதில்லை. சில பகுதிகளுக்கு ஒற்றைப்படை மாதம், சில பகுதிகளுக்கு இரட்டைப்படை மாதம். எங்கள் வீட்டுக்கு ஜூன் தொடக்கத்தில் எடுக்கிறார்கள். அதனால் ஏப்ரல், மே இரண்டு மாத வெயிலும் ஒரே பில்லில் விழுகிறது. ஊரின் இன்னொரு முனையில் இருக்கும் அத்தை வீட்டுக்கு மே தொடக்கத்தில். அவர்களுக்கு மார்ச்சோடு ஏப்ரல் சேரும். மே மாதம் ஜூனோடு சேரும். வெயில் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

இதில் என்ன ஆகிறது என்று ஓர் உதாரணக் கணக்குப் போட்டேன். இரண்டு வீடு. இரண்டிலும் ஏப்ரலில் 300, மேயில் 300, மற்ற பத்து மாதமும் 200 யூனிட். ஆண்டுக்கு இரண்டுக்கும் 2,600 யூனிட். வெயில் பிரிந்து விழும் வீட்டுக்கு 500 யூனிட்டில் இரண்டு பில், 400 யூனிட்டில் நான்கு பில். ஆண்டு மொத்தம் 8,310 ரூபாய். வெயில் சேர்ந்து விழும் வீட்டுக்கு 600 யூனிட்டில் ஒரு பில், 400-இல் ஐந்து, மொத்தம் 8,755. ஒரே ஊர், ஒரே கரண்டு, ஒரே அளவு. 445 ரூபாய் வித்தியாசம் காலண்டரால் வருகிறது.

மாதாமாதம் ரீடிங் எடுத்தால் பில் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். 2021 தேர்தலில் தி.மு.க. அறிக்கையிலேயே அந்த வாக்குறுதி இருந்தது. எனக்கு அதில் ஒரு தயக்கம். மாதக் கணக்கு வரும்போது படிகளையும் பாதியாக்கி, இலவசம் 50, கோடு 250 என்று வைத்துவிட்டால், மேலே சொன்ன இரண்டு வீடுகளும் 8,755 ரூபாய்தான் கட்டும். அத்தை வீட்டுக்கு இப்போது கிடைக்கும் 445 ரூபாயும் போகும். படியின் அளவு என்ன என்பதைக் கேட்காமல் மாதக் கணக்கை மட்டும் கேட்டால் ஏமாந்துபோவோம். ரீடிங் ஐந்து நாள், பத்து நாள் தள்ளிப்போய், அந்த நாட்களின் யூனிட்டும் சேர்ந்து கோட்டைத் தாண்டவைக்கிற தொல்லை மாதக் கணக்கில் குறையும் என்பது உண்மை. அப்படித் தள்ளிப்போனால் கைபேசியில் மீட்டரைத் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பிரிவு அலுவலகத்தில் கேட்கும்போதும், 2021 ஜூனில் தொடங்கிய மின்னகம் என்ற புகார் மையத்தின் 94987 94987 எண்ணில் சொல்லும்போதும், அதற்கு மேல் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம் வரை போக நேர்ந்தாலும் அந்தப் படம் பேசும்.

மீட்டர் பார்ப்பது கஷ்டமே இல்லை. எண்கள் மாறி மாறி வரும், கே.டபிள்யூ.எச். என்று ஓரத்தில் தெரியும்போது நிற்கும் எண்தான் யூனிட். அட்டையில் உள்ள கடைசி எண்ணை அதிலிருந்து கழித்தால் இதுவரை ஓடியது. பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். ஒருமுறை அதன் முன்னால் நின்றுகொண்டு, வீட்டிலிருப்பவரை மோட்டாரைப் போடச் சொல்லுங்கள். நிதானமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்த விளக்கு படபடவென்று அடிக்கத் தொடங்கும். மோட்டாரை நிறுத்தி மின்விசிறியை மட்டும் போட்டால் மறுபடி நிதானம். எது எவ்வளவு இழுக்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மின்விசிறியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் மின்விசிறி எரிந்துபோனால் காயில் கட்டி மறுபடி மாட்டுவோம். பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. ரகம் 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் பழையது 67 யூனிட், புதியது 27. ஒரு மின்விசிறிக்கு 40 யூனிட் மிச்சம், மூன்றுக்கு 120. எங்கள் 507 யூனிட் 387 ஆகியிருக்கும், பில் 1,114-க்கு வந்திருக்கும். ஒரே பில்லில் 985 ரூபாய். 500 கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் வீடுகள் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்பது என் முடிவு.

மாடியில் சோலார் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. இதிலும் கடைசி யூனிட் கணக்குதான். 600 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு அந்த 240 யூனிட்டால் 1,893 ரூபாய் குறையும். 300 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு 705 ரூபாய்தான் குறையும். பலகை அதே பலகை, வெயிலும் அதே வெயில். சின்ன வீட்டுக்காரர் கடன் வாங்கிப் போட அவசரப்பட வேண்டாம்.

காம்பவுண்டு

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது காம்பவுண்டு வீடுகள். திண்டுக்கல், மதுரைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாசலில் ஒரே கேட், உள்ளே எதிரும் புதிருமாக நாலைந்து வீடு, நடுவில் தண்ணீர்த் தொட்டி, ஒரு துவைகல். பல இடங்களில் கேட்டுப் பக்கத்தில் ஈபி மீட்டர் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வீட்டுக் கதவுக்கு மேலும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. சப் மீட்டர். மாதம் பிறந்தால் வீட்டுக்காரர் ஒரு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டு போவார். வாடகையோடு கரண்டுக் காசும் கொடுக்க வேண்டும்.

நாலு குடித்தனம். ஒவ்வொன்றும் இரண்டு மாதத்தில் 120 யூனிட். இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு டிவி, கொஞ்சம் மிக்ஸி. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடித்தனத்துக்கு 960 ரூபாய். அதே குடித்தனத்துக்குத் தனி இணைப்பு இருந்தால் முதல் நூறு இலவசம், மீதி 20 யூனிட்டுக்கு 47 ரூபாய்.

960 எங்கே, 47 எங்கே!

வீட்டுக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று உடனே சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டபின் அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டேன். வீட்டுக்காரரும் அதே காம்பவுண்டில் குடியிருந்து, அதே மீட்டரில் 300 யூனிட் ஓட்டுகிறார் என்றால் மொத்தம் 780 யூனிட். அதற்கு ஈபி பில் 4,581 ரூபாய். குடித்தனக்காரர்களிடம் அவர் வாங்கியது 3,840. கையிலிருந்து போட்டது 741. அவர் தனி மீட்டரில் தனியாக இருந்திருந்தாலும் 300 யூனிட்டுக்கு 705 ரூபாய் கட்டியிருப்பார். அவருக்கு ஒரு பைசா லாபம் இல்லை. 36 ரூபாய் நட்டம். அவர் 8 ரூபாய் கேட்பது, அவர் பில்லின் கடைசி யூனிட்டுகள் 9 ரூபாய் 45 காசுப் படியில் நிற்பதால்.

ஐந்து வீட்டுக்கும் ஐந்து இணைப்பு இருந்திருந்தால்? வீட்டுக்காரருக்கு 705, நாலு குடித்தனத்துக்கும் சேர்த்து 188. ஆக மொத்தம் 893 ரூபாய். ஒரே மீட்டரில் 4,581. இலவச நூறு யூனிட் ஐந்து முறை கிடைக்க வேண்டிய இடத்தில் ஒருமுறைதான் கிடைக்கிறது. பாதி விலை நூறு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. ஊரிலேயே குறைவாகக் கரண்டு செலவழிக்கும் குடும்பங்கள் ஊரிலேயே அதிக விலை கொடுக்கின்றன. ஏழை வீட்டுக்கென்று கோட்டையிலிருந்து புறப்பட்ட சலுகை கேட்டுக்குப் பக்கத்து மீட்டரோடு நின்றுவிடுகிறது.

விதி இதற்கு இடம் கொடுக்கவே செய்கிறது. தனித்தனியாகப் பிரிந்த, தனிக் குடும்பம் தனிச் சமையல் என்று இருக்கும் வீடுகளுக்குத் தனி இணைப்பு வாங்கலாம். ஒரே குடும்பம், ஒரே வீடு, நடுவில் ஒரு கதவை மட்டும் சாத்திவைத்து இரண்டு இணைப்பு என்பது வேறு விஷயம். அதை ஈபி ஆய்வு செய்து ஒன்றாக்குகிறது, அந்த வழியை யாருக்கும் நான் சொல்லமாட்டேன். குடியிருப்பவரே விண்ணப்பிக்கலாம். தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பில் படிவம் 5 என்று ஒன்று உண்டு. வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம் அது. உரிமையாளர் சம்மதிக்கவில்லை, அல்லது ஊரில் இல்லை என்றால் படிவம் 6. சட்டப்படி குடியிருப்பதற்கான சான்றும், இழப்பு நேர்ந்தால் ஈடுகட்டுவதாக ஓர் உறுதிப் பத்திரமும் கொடுத்தால் விண்ணப்பத்தை ஏற்க வேண்டும்.

படிவம் 6 ஏட்டில் இருக்கிறது. ஆனால் வாடகைக்கு இருக்கிறவர் வீட்டுக்காரர் சம்மதமில்லாமல் ஈபி ஆபீஸ் படி ஏறினால் அடுத்த மாதம் வேறு வீடு பார்க்க வேண்டிவரும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். வாடகை ஒப்பந்தமே எழுதாத ஊரில் சட்டப்படியான சான்றுக்கு எங்கே போவது? ஆகவே நான் வீட்டுக்காரர்களைத்தான் கேட்கிறேன். உங்களுக்கு இதில் இழப்பில்லை. நோட்டுப் போட்டு எழுத வேண்டாம், காசு கேட்டு நிற்க வேண்டாம், கரண்டுக் காசுக்காகக் குடித்தனக்காரரோடு மனஸ்தாபம் வேண்டாம். புது இணைப்புக்கான கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். மாதாமாதம் 450 ரூபாய் மிச்சமாகும் குடும்பம் அதைக் கொடுக்கத் தயங்காது.

ஜூன் பில் வந்த மூன்றாவது வாரம், எங்கள் தெருக் காம்பவுண்டில் இருக்கும் ஓர் அக்கா வந்திருந்தார். கூலி வேலைக்குப் போகிறவர். அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் திரும்பி, “தம்பி, 47 ரூவாங்கிறது நெசமாவா?” என்றார். தாளை எடுத்து எழுதிக் காட்டினேன். அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர், எண்களில் கெட்டி. ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுத் தானே கூட்டிப் பார்த்தார். சரியாக வந்ததும் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“இத அவர்ட்ட நா காட்டுனா நல்லாருக்காது. நீங்க வந்து சொல்லுங்க தம்பி. அவரு பில்லும் குறையுதுல்ல, அத மொதல்ல சொல்லுங்க.”

மறுநாள் சாயங்காலம் போனோம். வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் பில்லிலிருந்தே தொடங்கினேன். தன் ஈபி கார்டை எடுத்துவரச் சொல்லி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போன இரண்டு வருட வரிசைகளையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் படிவம் 5-ஐக் கையில் வாங்கி, உரிமையாளர் கையொப்பம் என்று போட்டிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “நாலு பேருக்கும் நாலு தாளு வேணுமே, ஒண்ணுதான கொண்டாந்துருக்க?” என்றார்.